கடவுச்சீட்டும் கல்விப் பயணமும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்வியைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்லுதல் இஸ்லாமியப் பண்பாட்டில் ஒரு தனி மரபாகவே வளர்ந்து வந்துள்ளது. அரபியில் அதற்கு 'ரிஹ்லா' என்று பெயர். ஒரே ஒரு நபிமொழியை, அதனை நேரில் செவியுற்றவரின் வாயிலிருந்தே கேட்டறிய வேண்டும் என்பதற்காக ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒட்டகம் ஒன்றை விலைக்கு வாங்கி, ஒரு மாத காலம் வழி நடந்து, ஷாம் நாட்டில் இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களைச் சந்தித்த செய்தி ஹதீஸ் கலை பயில்வோர் அனைவரும் அறிந்ததே. ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) மறைந்த கதீபுல் பக்தாதீ, இத்தகைய பயணங்களைத் தொகுத்துத் தனி நூலே இயற்றினார். பயணம் என்பது கல்விக்குத் துணையாக அமைந்த ஒன்றன்று. அது கல்வியின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது என்பதற்கு அந்நூல் ஒன்றே சான்றாகும்.

இன்று நம் இல்லங்களிலிருந்து மேற்படிப்புக்காகக் கடல் கடந்து செல்லும் பிள்ளைகளும் இம்மரபின் தொடர்ச்சியே எனலாம். ஆயினும் ஜாபிர் (ரலி) அவர்களை எதிர்கொள்ளாத ஒரு கேள்வி இவர்களை எதிர்கொள்கிறது. புறப்படும் நாளில் நடப்பிலிருந்த சட்டம், படித்து முடிக்கும் நாளிலும் நடப்பில் இருக்குமா என்பதே அக்கேள்வி. வீட்டை அடகு வைத்து, நகையை விற்று, கடன் பெற்று அனுப்பும் பெற்றோருக்கு இது வெறும் சட்ட நுணுக்கமன்று. குடும்பத்தின் பத்தாண்டு வாழ்வு அதில் அடங்கியிருக்கிறது. இக்கேள்விக்கு விடை காண, மாணவர் விசா என்னும் ஏற்பாடு எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை முதலில் காண்போம்.

கத்யாவின் மணல்

முற்காலத்தில் எல்லைகளே இல்லை, யாரும் எங்கும் செல்லலாம் என்று எண்ணுவது பிழை. 1325இல் தஞ்சாவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, எகிப்துக்கும் ஷாமுக்கும் இடைப்பட்ட கத்யா என்னுமிடத்தில் தாம் கண்ட சுங்கச் சாவடியை விரிவாக வருணித்துள்ளார். எகிப்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒருவரும் ஷாமுக்குப் போக முடியாது; ஷாமின் சீட்டு இல்லாமல் எகிப்துக்குள் வர முடியாது. ஈராக்கிலிருந்து ஒற்றர் நுழையாதிருக்க இவ்வேற்பாடு. இரவில் பாதையின் மணலைச் சமப்படுத்தி வைப்பார்கள். காலையில் அதிகாரி வந்து அடிச்சுவடு இருக்கிறதா என்று பார்ப்பார். சுவடு தென்பட்டால், அதைத் தொடர்ந்து சென்று அயலானைப் பிடித்து வரும் பொறுப்பு அரபுப் பழங்குடியினருடையது.

எனவே சீட்டும் காவலும் புதியவை அல்ல. ஆனால் கத்யாவின் அதிகாரி கேட்டது 'நீ யார்? எங்கிருந்து வருகிறாய்?' என்பதையே. 'படித்து முடித்ததும் நீ என்ன செய்யக் கருதியிருக்கிறாய்?' என்று அவர் கேட்கவில்லை. 'நான்கு ஆண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறதா?' என்றும் கேட்கவில்லை. எல்லையைக் கடந்தபின் அம்மாணவரைத் தாங்குவதற்கு வேறு நிறுவனங்கள் இருந்தன. பதினோராம் நூற்றாண்டின் பக்தாத் நிழாமிய்யா மத்ரஸாவில் வக்ஃப் வருமானத்திலிருந்து மாணவர்களுக்கு உறைவிடமும் உதவித்தொகையும் கிடைத்தன. கெய்ரோவின் அல் அஸ்ஹரில் மக்ரிபியருக்கும் ஷாம் நாட்டினருக்கும் ஜாவா மாணவருக்கும் தனித்தனி 'ரிவாக்'குகள் அமைந்திருந்தன. அயலூர் மாணவர் ஒரு நகரத்தின் வருவாயாக அன்றி, அதன் பொறுப்பாகக் கருதப்பட்டார். தமிழகத்தைப் பொறுத்தவரை, இலங்கையிலிருந்து கடலில் தத்தளித்து வந்த இப்னு பதூதாவை மஅபர் நாட்டின் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி வரவேற்றதும், பிற்காலத்தில் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் இலங்கை, மலாயா மாணவர்கள் தங்கி ஓதியதும் இம்மரபின் நம் மண்ணுக்குரிய சான்றுகளாம்.

சீட்டில்லாமல் சென்ற தலைமுறை

நவீனக் கல்விக்காக முஸ்லிம் நாடொன்று மாணவர்களை மேற்கே அனுப்பியதன் தலைசிறந்த தொடக்கம், 1826இல் எகிப்தின் முஹம்மத் அலீ பாஷா பாரிஸுக்கு அனுப்பிய குழுவாகும். அதன் இமாமாகச் சென்ற ரிஃபாஆ அத்தஹ்தாவீ 1831இல் திரும்பி, தம் அனுபவத்தை நூலாக்கியதோடு மொழிபெயர்ப்பு இயக்கம் ஒன்றுக்கும் தலைமை ஏற்றார். அனுப்பியவர் அரசர், செலவும் அரசருடையது, திரும்பி வருவதும் முன்கூட்டியே முடிவான ஒன்று.

இந்திய முஸ்லிம்களின் அனுபவம் வேறு. 1905இல் லாகூரிலிருந்து புறப்பட்ட அல்லாமா இக்பால் மூன்று ஆண்டுகளுக்குள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பட்டமும், ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும், லண்டன் லிங்கன்ஸ் இன்னில் வழக்குரைஞர் தகுதியும் பெற்று 1908இல் நாடு திரும்பினார். இன்று ஒரு மாணவர் அவ்வாறே செய்ய விரும்பினால் இரு நாடுகளின் விசா, இரு நாடுகளிலும் பணச்சான்று, ஒவ்வொரு நாட்டிலும் தங்கியிருந்த நாட்களின் கணக்கு ஆகிய அனைத்தையும் காட்ட வேண்டியிருக்கும். இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டமே 1920இல்தான் இயற்றப்பட்டது.

ஆயினும் கண்காணிப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பிரிட்டனில் பயிலும் இந்திய மாணவர்களின் நிலையை ஆராய 1907இல் லீ-வார்னர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் அறிக்கை அப்போது வெளியிடப்படவில்லை. 1922இல் லிட்டன் குழுவின் அறிக்கையோடுதான் வெளிவந்தது. 1909இல் இந்திய மாணவர்களுக்கான கல்வி ஆலோசகர் பதவி உருவாக்கப்பட்டது. அப்பதவியை ஏற்றவர் வேறு யாருமல்லர். அலிகரிலும் லாகூரிலும் ஆசிரியராக இருந்தவரும், இக்பாலின் மதிப்புக்குரிய ஆசானும், இஸ்லாம் பரவிய வரலாற்றை எழுதியவருமான தாமஸ் ஆர்னால்டு ஆவார். அவர் நல்லெண்ணம் கொண்டவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் தலைமையேற்ற அலுவலகத்தை மாணவர் பலர் உளவு பார்க்கும் இடமாகவே கருதி ஒதுங்கினர். உதவிக்கென அமைந்த அலுவலகமே ஐயத்துக்கும் இடமானது. இந்த இரட்டைத் தன்மை மாணவர் விசாவின் வரலாறு முழுவதும் தொடர்கிறது.

நிய்யத்தைச் சோதிக்கும் சட்டம்

அமெரிக்காவின் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆசிய மக்களுக்குக் கதவடைத்த சட்டமாக அறியப்படுகிறது. அதே சட்டம், பதினைந்து வயது நிறைந்து அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்தில் பயில வருவோருக்கு ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்கு வெளியே ஒரு வழியைத் திறந்து வைத்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழியை 'எஃப்' என்னும் பிரிவாக வரையறுத்தது. தம் நாட்டிலுள்ள இருப்பிடத்தைக் கைவிடும் எண்ணம் தமக்கு இல்லை என்று மாணவர் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் வரை, அவர் நிலையாகக் குடியேற வருபவராகவே கொள்ளப்படுவார்.

இங்கேதான் கத்யாவுக்கும் இன்றைய தூதரகத்துக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. நிய்யத் என்பது உள்ளத்தின் செயல். மனிதத் தீர்ப்பு வெளிப்படையானதைக் கொண்டே அமையும் என்பது நம் ஃபிக்ஹு நூலோர் ஏற்றுக்கொண்ட நெறி. நவீன விசாச் சட்டமோ இருபது வயது இளைஞரின் எண்ணத்தைச் சில நிமிட நேர்காணலில் அளந்தறிய முற்படுகிறது. அந்த அளவுகோலும் நிலையானதன்று. ஆஸ்திரேலியா 2011இல் 'உண்மையான தற்காலிக வருகையாளர்' என்னும் சோதனையைக் கொண்டு வந்தது. 2024 மார்ச் 23 முதல் அதை நீக்கி, 'உண்மையான மாணவர்' என்னும் சோதனையை வைத்தது. படிப்புக்குப் பின் தங்க விரும்புவது முந்தைய சோதனையில் குறையாகக் கொள்ளத்தக்கது. பிந்தையதில் அதுவே தடையாகாது. எண்ணம் ஒன்றே; சட்டத்தின் கண்ணில் அதன் பொருள் மாறிவிட்டது.

அரசியல் நிகழ்வுகள் மாணவர் மீது விழும் வேகத்துக்கும் பல சான்றுகள் உள. 1979இல் அமெரிக்காவில் பயின்ற அயல்நாட்டு மாணவர்களில் ஈரானியரே முதலிடம் வகித்தனர். அவர்கள் தொகை ஐம்பதாயிரத்தைக் கடந்தது. அவ்வாண்டு நவம்பரில் தெஹ்ரான் தூதரகம் கைப்பற்றப்பட்டதும், ஈரானிய மாணவர் அனைவரும் குடியேற்ற அலுவலகத்தில் நேரில் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணை பிறந்தது. கீழ் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே டிசம்பர் மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2001க்குப் பின் இதே முறை விரிவான வடிவில் திரும்பியது. 2002இல் தொடங்கிய தனிப் பதிவுத் திட்டம் 25 நாடுகளைச் சுட்டியது; வடகொரியா நீங்கலாக ஏனைய அனைத்தும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நேரில் சென்று பதிவு செய்தனர். பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் நாடு கடத்தல் நடவடிக்கைக்கு ஆளாயினர். 2011இல் நாடுகளின் பட்டியல் நீக்கப்பட்டது. 2016 டிசம்பரில் விதியே கைவிடப்பட்டது. ஒரு மாதம் கழித்து, 2017 ஜனவரியில், ஏழு முஸ்லிம் நாட்டவருக்கான பயணத் தடை வந்தது. அதன் திருத்திய வடிவத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2021 ஜனவரியில் அது விலக்கப்பட்டது. 2025 ஜூனில் பன்னிரண்டு நாடுகளுக்கு முழுத்தடையும் ஏழு நாடுகளுக்குப் பகுதித்தடையும் மீண்டும் வந்தன.

இந்தியா இப்பட்டியல்களில் இடம்பெறவில்லை. ஆயினும் 2023-24 கல்வியாண்டில் 3,31,602 மாணவர்களோடு அமெரிக்காவில் முதலிடம் பெற்ற இந்திய மாணவர் சமூகமும் பொது மாற்றங்களிலிருந்து தப்பவில்லை. 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் கணினிப் பதிவுகள் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டன. வழக்குகளுக்குப் பின் ஏப்ரல் இறுதியில் அவை மீட்கப்பட்டன. மே இறுதியில் புதிய நேர்காணல் நாட்கள் வழங்குவது நிறுத்தப்பட்டது. ஜூன் மத்தியில் மீண்டும் தொடங்கியபோது, சமூக ஊடகக் கணக்குகளை எவரும் காணும்படி திறந்து வைக்க வேண்டும் என்னும் நிபந்தனை சேர்ந்தது. சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தோருக்கு அந்த மூன்று வாரங்களே ஓராண்டை இழக்கப் போதுமானவையாக இருந்தன.

கட்டணம் பேசிய வரலாறு

பிரிட்டனின் கதை பணத்தை ஒட்டியது. 1967இல் அயல்நாட்டு மாணவருக்குத் தனிக் கட்டணம் விதிக்கப்பட்டது. 1980இல் முழுச் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும் என்றாயிற்று. அன்று பிரிட்டனில் மிகுதியாகப் பயின்றவர்கள் மலேசிய மாணவர்கள். 1981இல் பிரதமர் மகாதீர் அறிவித்த 'பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்குக' என்னும் கொள்கைக்கு இக்கட்டண உயர்வும் ஒரு காரணமாகும். மலேசியா முறையிட்டதோடு நிற்கவில்லை. 1982இல் 'கிழக்கு நோக்குக' என்று ஜப்பானுக்கு மாணவரை அனுப்பியது. 1983இல் தன் மண்ணிலேயே பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. அதே ஆண்டு பிரிட்டிஷ் அரசு, மலேசியர் உள்ளிட்டோருக்கான உதவித்தொகைகளுக்கு நிதி ஒதுக்கி ஓரளவு இறங்கி வந்தது. அடைபட்ட வாயிலின் முன் காத்துக் கிடக்காமல், வேறு வாயில்களையும் சொந்த வாயிலையும் திறந்த சமூகமே பேசும் வலிமை பெற்றது என்பதே இதன் படிப்பினை.

நம் நினைவுக்கு எட்டிய காலத்திலும் அந்நாட்டின் விதிகள் ஊசல் போல் ஆடியுள்ளன. 2008இல் படிப்புக்குப் பின் இரண்டாண்டு பணிபுரியும் வாய்ப்பு விரிவாக்கப்பட்டது. 2012 ஏப்ரலில் அது மூடப்பட்டது. அதனை நம்பிக் கடன் வாங்கிச் சென்றவர்களில், அந்நாளுக்கு முன் படிப்பை முடிக்க இயலாதோர் வெறுங்கையோடு நின்றனர். 2010-11க்கும் 2012-13க்கும் இடையே புதிதாகச் சேர்ந்த இந்திய மாணவர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2014இல் ஆங்கிலத் தேர்வு மோசடி ஒன்று தொலைக்காட்சியில் வெளியானதைத் தொடர்ந்து, ஏறத்தாழ 34,000 பேரின் விசாக்கள் பறிக்கப்பட்டன. குற்றமற்றோரும் அதில் சிக்கியிருக்கக் கூடும் என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகமே 2019இல் சுட்டிக் காட்டியது. 2021 ஜூலையில் இரண்டாண்டுப் பணி வாய்ப்பு மீண்டும் வந்தது. 2024 ஜனவரியில் பெரும்பாலான முதுநிலை மாணவர்கள் குடும்பத்தினரை உடனழைக்கும் உரிமை நீங்கியது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்குப் பணி வாய்ப்பு பதினெட்டு மாதமாகக் குறையும் என்று 2025இல் முடிவாயிற்று. முனைவர் பட்டம் பெறுவோருக்கு மட்டும் மூன்றாண்டுகள் நீடிக்கின்றன.

வரலாற்றிலிருந்து திட்டமிடலுக்கு

இவ்வரலாறு தரும் முதற்பாடம், 'எந்த நாள் கணக்கில் கொள்ளப்படும்?' என்பதைக் கேட்டறிவதாகும். மேற்கண்ட பிரிட்டிஷ் விதியையே எடுத்துக்கொள்வோம். அங்கே கணக்கில் கொள்ளப்படுவது படிப்பில் சேர்ந்த நாளன்று; படிப்பை முடித்துப் பணி வாய்ப்புக்கு விண்ணப்பிக்கும் நாள். 2025 செப்டம்பரில் ஓராண்டு முதுநிலைப் படிப்பில் சேர்ந்தவர், முடிவுகள் உரிய காலத்தில் வந்தால், 2026 இறுதிக்குள் விண்ணப்பித்து இரண்டாண்டு பெறலாம். 2026 ஜனவரியில் அதே படிப்பில் சேர்ந்தவருக்குப் பதினெட்டு மாதமே. நான்கு மாத வேறுபாட்டில் ஆறு மாதச் சம்பாத்தியம் போய்விடுகிறது.

இரண்டாவது, சட்டத்துக்கும் விதிக்கும் உள்ள வேறுபாடு. நாடாளுமன்றச் சட்டம் மாறக் காலம் பிடிக்கும். விதிகளோ பிரிட்டனில் வழக்கமாக இருபத்தொரு நாள் இடைவெளியில் நடப்புக்கு வந்துவிடும். கனடா, இந்திய மாணவர் பலர் பயன்படுத்திய விரைவு விண்ணப்ப முறையை 2024 நவம்பர் 8ஆம் நாள் அறிவித்து, அன்று பிற்பகலே மூடிவிட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635 ஆக உயர்ந்தது. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் விண்ணப்பக் கட்டணத்தை 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 1,600க்கும், அடுத்த ஆண்டில் 2,000க்கும் உயர்த்தியது. ஆகவே ஆவணங்களைக் கடைசி வாரத்துக்கென வைத்திருப்பவர் தம் எதிர்காலத்தைப் பிறர் கையில் ஒப்படைக்கிறார். இந்தியச் சான்றிதழ்களை முன்கூட்டியே சரிபார்த்துப் பெற வேண்டும் என்று 2022 நவம்பர் முதல் ஜெர்மனி விதித்திருப்பது போன்ற படிகளுக்குப் பல வாரங்கள் தேவைப்படும்.

மூன்றாவது பாடமே முதன்மையானது. படிப்புக்குப் பிந்தைய பணி வாய்ப்பு என்பது உரிமையன்று. அரசு தரும், அரசே எடுத்துக்கொள்ளும் சலுகை. அதை நம்பி மட்டும் ஒரு கடன் அடையுமாயின், அக்கடன் தவறான கணக்கின் மேல் நிற்கிறது. 'இச்சலுகை நாளையே நீங்கினாலும், இப்பட்டத்தோடு ஊர் திரும்பும் பிள்ளை தலைநிமிர்ந்து வாழ முடியுமா?' என்று பெற்றோர் கேட்க வேண்டும். 'ஆம்' என்றால் செல்லலாம். 'இல்லை' என்றால் அந்தப் படிப்பையோ, பல்கலைக்கழகத்தையோ, நாட்டையோ மாற்றிப் பார்ப்பதே அறிவுடைமை. பிறர் பணத்தைச் சில வாரங்கள் வங்கிக் கணக்கில் வைத்துக் காட்டும் வழக்கத்தை முகவர் சிலர் சாதாரணமாகவே எடுத்துரைக்கின்றனர். அது அமானிதத்துக்கு மாறானது என்பதோடு, பிரிட்டனில் பத்தாண்டு நுழைவுத் தடைக்கும் காரணமாகலாம்.

சமூகத்தின் பங்கு

தனிக் குடும்பத்தின் விவேகம் மட்டும் போதாது. வட்டிக் கடனைத் தவிர்க்க விரும்பும் மாணவருக்கு நாம் வழங்கும் மாற்று யாது? சிறுபான்மையினரின் அயல்நாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் அளித்து வந்த நடுவண் அரசின் 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் முன்மாதிரிகள் இல்லாமல் போகவில்லை. ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, உறுப்பினரல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவருக்கென 1983இல் தொடங்கிய திட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. அத்தொகை சமூகத்துக்கு நன்கொடை. மாணவருக்கோ வட்டியில்லாக் கடன். அவர் திருப்பிச் செலுத்துவது வங்கிக்கன்று, தம் சமூகத்தின் அடுத்த மாணவருக்கு. பெரும்பாலும் உள்நாட்டுத் தொழிற்கல்விக்கென அமைந்த அம்முறையை அயல்நாட்டுக் கல்விக்கும் நம் ஜமாஅத்துகள் விரித்துப் பார்க்கலாம்.

தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே இதற்கு இன்னும் அண்மையான சான்று உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1934இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்றவர்; இலங்கை ஆட்சிப் பணியில் சேர்ந்த முதல் முஸ்லிம். தமக்குக் கிடைத்த வாய்ப்பு பிறருக்கும் கிடைக்க வேண்டும் என்று எண்ணிய அவர், 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார். பெரும் அரசு மானியமோ எண்ணெய் வளமோ அவருக்குப் பின்னால் இல்லை. கல்வி ஒரு குடும்பத்தின் தனிச்சுமை ஆகக்கூடாது என்னும் தெளிவு இருந்தது.

பிற நாட்டின் விசா விதிகளை நாம் மாற்றிவிட முடியாது. அவை நேற்று மாறின, நாளையும் மாறும். மாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று, விதி மாறினாலும் வீழாத வகையில் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் நம் பிள்ளைகளின் கணக்கு. மற்றொன்று, அவ்வாறு விதி மாறும் நாளில் அவர்களைக் கடன்காரர் கையில் விட்டுவிடாத நம் சமூகத்தின் ஏற்பாடு. பக்தாதும் கெய்ரோவும் அயலூர் மாணவரைத் தம் பொறுப்பாகக் கொண்டன. நம் ஊர் மாணவரையேனும் நம் பொறுப்பாகக் கொள்வது நம்மால் இயலாததன்று.